தோட்டாத் தட்டுப்பாடும் தோட்டா விலையேற்றமும்: விளையாட்டாகச் சுடப் பழகுவோருக்கு ஓர் எளிய விளக்கம்

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் துப்பாக்கிச் சுடுதலை விளையாட்டாகப் பயில்பவர்கள் கூடும் இடங்களில், சில ஆண்டுகளாக ஒரே பேச்சு திரும்பத் திரும்ப எழுகிறது. தோட்டா கிடைப்பதில்லை; கிடைத்தாலும் சென்ற முறை கொடுத்த விலைக்குக் கிடைப்பதில்லை. உக்ரேன் போர்தான் காரணம் என்பார் ஒருவர். இறக்குமதியாளர் பதுக்குகிறார் என்பார் மற்றவர். அமெரிக்கர்கள் வாங்கிக் குவிக்கிறார்கள் என்று மூன்றாமவர் சொல்வார். எல்லாமே முற்றிலும் பொய் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் எந்தக் காலத்துக்கு எது பொருந்தும் என்று பிரித்துப் பார்க்காமல் பேசுவதால், தோட்டா வாங்கும் பொறுப்பில் உள்ளவர்கள் காத்திருக்க வேண்டிய நேரத்தில் அவசரப்படுகிறார்கள். அவசரப்பட வேண்டிய நேரத்தில் காத்திருக்கிறார்கள். இதனால் முதலில் பாதிக்கப்படுபவர்கள் புதிதாகப் பயிற்சிக்கு வந்த இளையோர்.

குழப்பத்தின் வேர் இரண்டு சொற்களை ஒன்றாகப் புழங்குவதில் இருக்கிறது. இக்கட்டுரையில் தட்டுப்பாடு என்று சொல்வது, கையில் பணம் இருந்தும் பொருள் கிடைக்காத நிலையை. விலையேற்றம் என்று சொல்வது, பொருளைச் செய்து கொண்டுவந்து சேர்க்கும் செலவே உயர்ந்துவிட்ட நிலையை. முதலாவது வாங்குபவர்களின் அச்சத்தால் வருவது. அச்சம் அடங்கினால் அதுவும் அடங்கும். இரண்டாவது மூலப்பொருளிலிருந்து வருவது. வந்தபின் பெரும்பாலும் தங்கிவிடும். இரண்டும் ஒரே நேரத்தில் வரும்போதுதான் நாம் தடுமாறிப் போகிறோம்.

அரிசியில் நாம் ஏற்கெனவே கண்டது

2023-ஆம் ஆண்டில் நம் சமையலறைகள் அனைத்தும் அறிந்த நிகழ்ச்சி ஒன்றை நினைவுபடுத்திக்கொண்டால் இது எளிதில் விளங்கும். அவ்வாண்டு ஜூலை 20 அன்று இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. உலகச் சந்தையில் அரிசி விலை ஏறியது. செப்டம்பர் 1 அன்று, நம் நாட்டுக்கு அரிசி இறக்குமதி செய்யும் பெர்னாஸ் நிறுவனம் இறக்குமதி வெள்ளை அரிசியின் விலையை டன்னுக்கு 2,350 ரிங்கிட்டிலிருந்து 3,200 ரிங்கிட்டாக உயர்த்தியது. இது விலையேற்றம். காரணம் வெளியில் இருந்தது, செலவு உண்மையாகவே கூடியிருந்தது, ஆனால் பணம் கொடுத்தவருக்கு அரிசி கிடைத்தது.

உள்ளூர் வெள்ளை அரிசியின் கதை வேறு. அதற்குக் கிலோவுக்கு 2 ரிங்கிட் 60 சென் என்ற உச்சவரம்பு மாறவில்லை. இந்தியாவின் தடை கெடாவின் வயல்களைத் தொடவும் இல்லை. ஆயினும் கடைகளில் காணாமற் போனது அந்த உள்ளூர் அரிசிதான். இறக்குமதி அரிசி வாங்கிக்கொண்டிருந்த குடும்பங்கள் உள்ளூர் அரிசியின் பக்கம் திரும்பின; வழக்கமாக ஒரு பை வாங்குபவர் இரண்டு பை எடுத்தார்; அடுத்த வாரம் வந்தவருக்கு ஒன்றுமில்லை. விளைச்சல் பெரிதாகக் குறையாமலேயே பொருள் மறைந்தது. இது தட்டுப்பாடு.

தோட்டாச் சந்தையில் நடப்பதும் இவ்விரண்டின் கலவையே. ஆனால் அரிசிக்கு அடுத்த அறுவடை உண்டு, வேறு நாடுகள் உண்டு. தோட்டாவுக்கு அவ்வளவு எளிதான மாற்றுவழிகள் இல்லை. ஏன் இல்லை என்பதை அறிய, அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

ஒரு தோட்டாவுக்குள் நான்கு சந்தைகள்

துப்பாக்கித் தோட்டா நான்கு பாகங்கள் சேர்ந்தது. வெளியே இருப்பது உறை. பெரும்பாலும் ஏறத்தாழ 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளை. உறையின் அடியில் இருப்பது பிரைமர், அதாவது துப்பாக்கியின் ஊசி தட்டியதும் தீப்பொறி தரும் மிகச் சிறிய அளவு வேதிக்கலவை. உறைக்குள் நிரம்பியிருப்பது உந்துமருந்து; அது வேகமாக எரிந்து வாயுவாகி, முனையில் இருக்கும் குண்டை வெளியே தள்ளுகிறது. குண்டு ஈயத்தால் ஆனது; ஈயம் மென்மையானது என்பதால் அதைக் கடினமாக்க ஆன்டிமனி என்ற உலோகத்தைச் சிறிது சேர்ப்பார்கள்.

பறக்கும் மண்தட்டுகளைச் சுடப் பயன்படும், 12 போர் (bore) எனும் குழல் அளவுக்கான தோட்டாவில் ஒற்றைக் குண்டுக்குப் பதிலாகச் சிறுசிறு ஈய ரவைகள் இருக்கும். உறையின் பெரும்பகுதி பிளாஸ்டிக். 1887 முதல் வழக்கில் உள்ள, ஏறத்தாழ 0.22 அங்குல விட்டமுள்ள .22 லாங் ரைஃபிள் தோட்டாவில் (இனி .22 தோட்டா) பிரைமர் தனிப் பாகமாக இல்லை. கலவை உறையின் அடி விளிம்புக்குள்ளேயே பரவியிருக்கும். காற்றுத் துப்பாக்கியின் 4.5 மில்லிமீட்டர் குண்டு இவை எல்லாவற்றிலும் எளியது. அதற்கு உறையும் இல்லை, பிரைமரும் இல்லை, உந்துமருந்தும் இல்லை, வெறும் ஈயம்.

போட்டித் தரமான .22 தோட்டாவைப் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நம் சுடுதளங்களில் மிகுந்த கவலை தருவது அதுவே. இங்கிலாந்தின் பர்மிங்காமில் உள்ள எலி (Eley) நிறுவனம், ஜெர்மானியப் பெயரான ஆர்.டபிள்யூ.எஸ்., பின்லாந்துப் பெயரான லாப்புவா ஆகிய மூன்றையே உலகப் போட்டிகளில் பெரும்பாலானோர் நாடுகிறார்கள். ஒரே ஆலையில், ஒரே பெயரில், ஒரே இயந்திரத்தில் செய்தாலும், ஒரு முறை கலக்கிச் செய்த தொகுதிக்கும் அடுத்த தொகுதிக்கும் நுண்ணிய வேறுபாடு இருக்கும். இந்தத் தொகுதியைத்தான் லாட் என்கிறார்கள். ஒரு துப்பாக்கிக் குழலுக்கு ஒரு லாட் நன்றாகப் பொருந்தும், இன்னொன்று பொருந்தாது. எனவே தேர்ந்த வீரருக்குத் தட்டுப்பாடு என்பது தோட்டா இல்லாமற் போவது மட்டுமல்ல. தமக்குப் பொருந்திய லாட் தீர்ந்துபோய், கிடைத்ததை வைத்துச் சுட வேண்டிய நிலையும் சேர்ந்தது.

இதுவரை பார்த்ததைத் தொகுத்தால்: ஒரு தோட்டாவின் விலை என்பது செம்பு, ஈயம், ஆன்டிமனி, உந்துமருந்து ஆகிய நான்கு சந்தைகளின் கூட்டு விலை. நான்கில் ஒன்று முடங்கினாலும் தோட்டா முழுமையடையாது.

ஆலைகள் ஏன் உடனே கூடுதலாகச் செய்வதில்லை

தேவை கூடினால் ஆலை கூடுதலாகச் செய்ய வேண்டியதுதானே என்று கேட்பது இயல்பு. தோட்டா ஆலைகள் அப்படி இயங்குவதில்லை. உறையை இழுத்து வடிப்பது, பிரைமர் வைப்பது, மருந்து நிரப்புவது ஒவ்வொன்றுக்கும் தனி இயந்திரம். அந்த இயந்திரங்களும் குறிப்பிட்ட அளவுத் தோட்டாவுக்கு மட்டுமே அமைந்தவை. பிரைமர் கலவையைக் கையாளும் தொழிலாளர்கள் நீண்ட பயிற்சி பெற்றவர்கள். அந்தப் பிரிவை ஓரிரு மாதத்தில் இரட்டிப்பாக்குவது எளிதன்று.

இவற்றைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. அது பேச்சில் அடிபடுவதே இல்லை. அச்சத்தால் எழும் தேவை நிலைக்காது என்பது ஆலை நடத்துபவர்களுக்கு நன்றாகத் தெரியும். அமெரிக்காவில் 2016 தேர்தலுக்குப் பின் துப்பாக்கிச் சட்டங்கள் கடுமையாகும் என்ற அச்சம் விலகியதும் விற்பனை சரிந்தது. இருநூறு ஆண்டுப் பெயரான ரெமிங்டன் என்ற துப்பாக்கி, தோட்டா நிறுவனம் 2018-இல் ஒரு முறையும் 2020 ஜூலையில் மறுமுறையும் திவால் பாதுகாப்பு கோரியது. அதே 2020-இல்தான் தேவை வரலாறு காணாத அளவுக்கு எழுந்தது என்பது கவனிக்கத்தக்கது. உலகம் தோட்டாவுக்கு அலைந்தபோது, ஆர்கன்சா மாநிலத்தின் லோனோக் நகரில் இருந்த ரெமிங்டனின் பெரிய தோட்டா ஆலை, முழு வேகத்தில் ஓட முடியாமல் புதிய உரிமையாளருக்காகக் காத்திருந்தது. இத்தகைய அனுபவங்களைக் கண்ட முதலாளிகள், ஓராண்டுத் தேவைக்காகப் பத்தாண்டுக் கடனில் புதிய ஆலை கட்டத் தயங்குவதில் வியப்பில்லை.

அந்தத் தேவை எப்படி எழுகிறது என்பதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் போதும்.

2012 டிசம்பரில் அமெரிக்காவின் சாண்டி ஹூக் பள்ளியில் நடந்த படுகொலைக்குப் பின், புதிய தடைகள் வரும் என்ற எண்ணம் அங்கே பரவியது. மக்கள் தோட்டாக்களை வாங்கி அடுக்கினார்கள். 2013 முழுவதும், அதற்குப் பிறகும் மிக நீண்ட காலம் கிடைக்காமல் இருந்தது எது தெரியுமா? .22 தோட்டா. படைகள் போர்முனையில் பொதுவாக நம்பியிராத, மிகச் சிறிய, மிக மலிவான பயிற்சித் தோட்டா. மலிவு என்பதாலேயே ஒவ்வொருவரும் ஒரு பெட்டிக்குப் பதிலாகப் பத்துப் பெட்டி எடுக்க முடிந்தது. அப்போதும் வதந்திகள் இருந்தன. அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையே எல்லாவற்றையும் வாங்கிவிட்டது என்றார்கள். அந்நாட்டு நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 2014-இல் ஆராய்ந்து, அத்துறையின் கொள்முதல் 2009-க்குப் பின் குறைந்தே வந்திருக்கிறது என்று கண்டது. மிசௌரி மாநிலத்தின் ஹெர்குலேனியம் ஈய உருக்காலை மூடப்பட்டதுதான் காரணம் என்றார்கள். அந்த ஆலை மூடப்பட்டது 2013 டிசம்பரில், அதாவது தட்டுப்பாடு தொடங்கி ஓராண்டு கழித்து. தோட்டாவுக்குச் செல்லும் ஈயத்தின் பெரும்பகுதி பழைய கார் மின்கலங்களிலிருந்து மீட்கப்படுவது என்பதையும் அந்தப் பேச்சு மறந்துவிட்டது.

அடுத்தது 2020. பெருந்தொற்றும் உள்நாட்டுக் கலவரங்களும் தேர்தலும் ஒன்றாகச் சேர்ந்த அந்த ஆண்டில், முதன்முறையாகத் துப்பாக்கி வாங்கிய அமெரிக்கர்கள் 8.4 மில்லியன் பேர் என்று அங்குள்ள தொழில் அமைப்பான என்.எஸ்.எஸ்.எஃப். மதிப்பிட்டது. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இவர்கள் ஒவ்வொருவரும் 50 தோட்டா கொண்ட பெட்டியில் இரண்டே இரண்டு வாங்கினால்கூட 840 மில்லியன் தோட்டாக்கள் ஆகின்றன. இவர்களில் எவரும் பதுக்கல்காரர் அல்லர், தேவைக்கு வாங்கியவர்களே. ஆனால் அந்த 840 மில்லியனும் ஏற்கெனவே முழுக்கொள்ளளவில் ஓடிய ஆலைகளின் மீது கூடுதலாக விழுந்த சுமை. 2020-இன் தொடக்கத்தில் ஒன்று 20 அமெரிக்க சென்ட் அளவில் விற்ற 9 மில்லிமீட்டர் பயிற்சித் தோட்டா, 2021-இன் தொடக்கத்தில் 70 சென்ட்டையும் தாண்டியது. பிறகு அச்சம் அடங்கியதும் 30 சென்ட்டுக்குக் கீழே இறங்கியது. தட்டுப்பாட்டின் போக்கு இதுதான்: வேகமாக ஏறும், மெதுவாக என்றாலும் இறங்கும்.

அமெரிக்கச் சந்தை நமக்கு ஏன் பொருட்டாக வேண்டும் என்ற கேள்விக்கும் இங்கேயே விடை இருக்கிறது. உலகில் குடிமக்கள் வாங்கும் தோட்டாவுக்கு மிகப் பெரிய சந்தை அதுதான். அங்கே விலை மும்மடங்கானால், ஐரோப்பிய ஆலைகளும் தங்கள் சரக்கை அங்கேதான் முதலில் அனுப்பும். 2021 செப்டம்பரில் ரஷ்யத் தோட்டாக்களின் புதிய இறக்குமதி அனுமதிகளுக்கு அமெரிக்கா தடை விதித்தபோது, அந்த இடைவெளியை நிரப்பும் பொறுப்பும் மற்ற நாட்டு ஆலைகள் மீது விழுந்தது.

சுருங்கச் சொன்னால்: 2013-இலும் 2020-இலும் நடந்தது தட்டுப்பாடு. மூலப்பொருள் போதிய அளவில் இருந்தது. வாங்குபவர்களின் எண்ணிக்கையும் அச்சமும் கூடின. ஆலைகள் நல்ல காரணத்துடனேயே விரிவடையவில்லை.

2022-க்குப் பிறகு வந்தது வேறு

2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரேன் மீது படையெடுத்த பின் நிலைமையின் தன்மையே மாறியது. போர் நம் .22 தோட்டாக்களை எடுத்துக்கொண்டு போகவில்லை. அது எடுத்துக்கொண்டது அவற்றின் உள்ளே இருக்கும் பொருளை.

உந்துமருந்தின் அடிப்படை நைட்ரோசெல்லுலோஸ். பருத்தி நாரையோ மரக்கூழையோ வேதிமுறையில் மாற்றிப் பெறும் பொருள். இதற்குச் சிறந்தது, பஞ்சு எடுத்த பின்னும் பருத்தி விதையில் ஒட்டிக்கொண்டிருக்கும் குறுநார். ஐரோப்பிய உற்பத்தியாளர்களுக்கு இந்தக் குறுநாரின் பெரும்பகுதி சீனாவிலிருந்து வருகிறது. போர் நீடித்ததும் ஐரோப்பிய நாடுகள் பீரங்கிக் குண்டு உற்பத்தியைப் பன்மடங்கு உயர்த்த முனைந்தன. ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் இதற்கெனத் தனிச் சட்டமே இயற்றியது.

அளவுகளை அருகருகே வைத்துப் பார்த்தால் இதன் பொருள் புரியும். 155 மில்லிமீட்டர் பீரங்கியை அதன் முழுத் தூரத்துக்குச் சுடும்போது, ஒரு குண்டுக்கு 10 கிலோவுக்கும் மேற்பட்ட உந்துமருந்து எரிகிறது. ஒரு .22 தோட்டாவில் இருப்பது ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ. ஆக, ஒரே ஒரு பீரங்கிச் சுடலின் மருந்து ஒரு லட்சம் .22 தோட்டாக்களுக்குச் சமமான எடை. இரண்டும் ஒரே வகைப் பொடி அல்ல என்பது உண்மைதான். பீரங்கிப் பொடியை அப்படியே விளையாட்டுத் தோட்டாவில் போட முடியாது. ஆனால் இரண்டுக்கும் தாய்ப்பொருள் ஒன்று, அதைச் செய்யும் ஆலைகளும் உலகில் சிலவே. அந்தச் சிலவற்றின் வாசலில் பாதுகாப்பு அமைச்சுகள் பல ஆண்டு ஒப்பந்தத்துடன் நிற்கும்போது, விளையாட்டுத் தோட்டா செய்பவர் பின்வரிசைக்குப் போய்விடுகிறார்.

உலோகங்களும் இதே காலத்தில் ஏறின. 2020 மார்ச்சில் டன்னுக்கு 5,000 டாலருக்குக் கீழே இருந்த செம்பு, 2024 மே மாதத்தில் லண்டன் சந்தையில் 11,000 டாலரைத் தாண்டியது. ஆன்டிமனியின் கதை இதனினும் கடுமையானது. உலகச் சுரங்க உற்பத்தியில் ஏறத்தாழப் பாதி சீனாவுடையது. 2024 செப்டம்பரில் சீனா அதன் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. டிசம்பரில் அமெரிக்காவுக்கு அனுப்புவதை அறவே நிறுத்தியது. அந்த ஓராண்டுக்குள் விலை மும்மடங்கானது. ஈய ரவையைக் கடினமாக்குவதற்கும், பிரைமர் கலவைக்கும் இந்த ஆன்டிமனியே தேவைப்படுகிறது.

இதனிடையே ஆலைகளின் உரிமையும் சில கைகளில் குவிந்து வருகிறது. ஆர்.டபிள்யூ.எஸ். பெயரை வைத்திருந்த நிறுவனத்தை 2022-இல் இத்தாலியின் பெரெட்டா குழுமம் வாங்கியது. மண்தட்டுச் சுடுவோர் நன்கறிந்த இத்தாலியப் பெயரான ஃபியோக்கியின் பெரும்பங்கு அதே ஆண்டு செக் நாட்டின் சி.எஸ்.ஜி. குழுமத்துக்குப் போனது; 2024-இன் இறுதியில் அதே குழுமம் அமெரிக்காவின் ஃபெடரல், சி.சி.ஐ., ரெமிங்டன் தோட்டாப் பிரிவுகளையும் ஏறத்தாழ 2.2 பில்லியன் டாலருக்கு வாங்கியது. இதனால் மட்டும் விலை ஏறியது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நம்மைப் போன்ற சிறிய சந்தைக்காக விலை பேசும் இறக்குமதியாளருக்கு, பேச வேண்டிய கதவுகளின் எண்ணிக்கை குறைந்துவிட்டது என்பது உண்மை.

ஆக, 2022-க்குப் பின் நாம் காண்பது பெரும்பாலும் விலையேற்றம். இது 2021-இன் விலைபோல் அச்சம் நீங்கியதும் இறங்கிவிடாது. புதிய உந்துமருந்து ஆலைகள் கட்டி முடிக்கப்பட்டு இயங்கத் தொடங்கினால் ஒரு பகுதி தணியலாம். அதற்கு ஆண்டுகள் ஆகும்.

வரிசையின் கடைசியில் மலேசியா

வெளிநாட்டில் நடப்பது இங்கே வந்து சேரும்போது இன்னும் சில படிகளைக் கடக்கிறது. 1960-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின்படி, உரிமம் இன்றித் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க முடியாது. காற்றுத் துப்பாக்கியும் இதில் அடங்கும். இறக்குமதிக்கும் விற்பனைக்கும் தனித்தனி அனுமதி வேண்டும். ஒருவர் எவ்வளவு தோட்டா வாங்கலாம் என்பதும் அனுமதிக்கு உட்பட்டதே. எனவே, நம் கடைக்காரர் மலைபோல் பதுக்கி வைத்திருக்கிறார் என்ற குற்றச்சாட்டில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒவ்வொரு பெட்டியும் பதிவேட்டில் ஏறும் ஒரு தொழிலில், பதுக்குவதற்கான இடமே மிகக் குறுகியது.

உண்மையான இடர் வேறு இடத்தில் இருக்கிறது. நம் சந்தை சிறியது. சுபாங்கில் உள்ள தேசியச் சுடுதளத்தில் பயிற்சி பெறும் வீரர்கள், மாநிலச் சங்கங்களின் உறுப்பினர்கள், பயிர் காக்க உரிமம் பெற்ற தோட்டக்காரர்கள் என எல்லாரையும் சேர்த்தாலும் ஓர் ஐரோப்பிய ஆலையின் ஆண்டு விற்பனையில் அது ஒரு துளி. தோட்டா என்பது வெடிபொருள் வகையில் அடங்கும் சரக்கு, எல்லாக் கப்பல் நிறுவனங்களும் ஏற்றுக்கொள்வதில்லை, கட்டணமும் அதிகம். அனுப்பும் நாட்டின் ஏற்றுமதி அனுமதியும், பெறும் நாட்டின் இறக்குமதி அனுமதியும் ஒரே காலத்தில் செல்லுபடியாக வேண்டும். எனவே இறக்குமதியாளர் அடிக்கடி சிறிதுசிறிதாக வரவழைக்க முடியாது. சேர்த்து வைத்து ஆண்டுக்குச் சில முறை பெரிதாக வரவழைக்கிறார். அப்படி ஒரு சரக்கு தாமதமானால், உலகில் தட்டுப்பாடே இல்லாத காலத்திலும் இங்கே பல மாதங்கள் அடுக்கு காலியாக இருக்கும். 2023-இன் இறுதியிலிருந்து செங்கடல் தாக்குதல்களால் ஐரோப்பியக் கப்பல்கள் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிவரத் தொடங்கியதும் கிள்ளான் துறைமுகத்துக்கான பயணம் நீண்டது.

ரிங்கிட்டின் மதிப்பும் உண்டு. 2013-இன் தொடக்கத்தில் ஓர் அமெரிக்க டாலருக்கு 3 ரிங்கிட்டுக்குச் சற்று மேல் கொடுத்தோம். 2024 பிப்ரவரியில் 4.80-ஐ நெருங்கியது. ஆலை தன் விலையில் ஒரு சென்ட்கூட ஏற்றாமல் 10 டாலருக்கே விற்றிருந்தாலும், நமக்கு ஏறத்தாழ 31 ரிங்கிட்டாக இருந்த பெட்டி 48 ரிங்கிட்டுக்கு அருகில் வந்திருக்கும். பிறகு ரிங்கிட் மீண்டது; ஆனால் வலிமை குன்றியிருந்தபோது வாங்கிய சரக்கு விற்றுத் தீரும் வரை கடை விலை இறங்காது.

சிலாங்கூரின் பத்து ஆராங்கில் நம் நாட்டுக்கே சொந்தமான தோட்டா ஆலை இருக்கும்போது ஏன் இந்தச் சிரமம் என்று பலர் கேட்கிறார்கள். எஸ்.எம்.இ. நிறுவனத்தின் அந்த ஆலை முதன்மையாக இராணுவம், காவல் துறை ஆகியவற்றின் தேவைக்காக அமைந்தது. போட்டித் தரமான .22 தோட்டா செய்வது வேறொரு கைத்திறன்; எலி, லாப்புவா போன்ற நிறுவனங்கள் அதை நீண்ட காலமாக மெருகேற்றி வந்திருக்கின்றன. நம் நாட்டின் சில ஆயிரம் பெட்டித் தேவைக்காக அந்தத் திறனை இங்கே புதிதாக வளர்ப்பது எளிதன்று. வெளிநாடுகளில் சிலர் செய்வதுபோல் சுட்ட உறைகளில் மீண்டும் மருந்து நிரப்பிக்கொள்ளும் வழியும் நமக்கு இல்லை. உரிமமின்றித் தோட்டா செய்வது இங்கே கடுங்குற்றம். அதிலும் .22 தோட்டாவின் உறை ஒருமுறை சுட்டதும் விளிம்பு நசுங்கிவிடுவதால், மறுமுறை அது பயன்படாது.

எந்தப் பிரிவுக்கு எவ்வளவு சுமை

விலையேற்றம் எல்லாரையும் ஒரே அளவில் தாக்குவதில்லை. இதை உணராமல் பேசுவதால்தான் புதியவர்கள் அஞ்சி விலகுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

ஒலிம்பிக் முறையிலான டிராப் போட்டியின் தகுதிச் சுற்றில் 125 மண்தட்டுகள். ஒரு தோட்டாவில் 24 கிராம் ரவை. தட்டுக்கு ஒரே தோட்டா என்று வைத்தாலும் ஒரு போட்டிக்கு 3 கிலோ ஈயம் போகிறது. அத்துடன் 125 உறை, 125 பிரைமர், 125 பங்கு உந்துமருந்து. .22 ரைஃபிளில் மூன்று நிலைப் போட்டி 60 தோட்டாக்கள். ஒரு குண்டு 2.6 கிராம், மொத்தம் 156 கிராம் ஈயம். பத்து மீட்டர் காற்று ரைஃபிளிலும் 60 சுடல். குண்டு ஏறத்தாழ அரை கிராம். மொத்தம் 30 கிராம்.

ஆன்டிமனி, ஈயம், உந்துமருந்து ஆகியவற்றின் விலை ஏறும்போது டிராப் வீரர் அதன் முழு எடையையும் சுமக்கிறார். .22 வீரருக்கு எடையைவிட லாட் தொடர்ச்சியே பெரிய கவலை. காற்றுத் துப்பாக்கி வீரரையோ பீரங்கிக் குண்டுகளுக்கான போட்டி ஏறக்குறையத் தொடுவதே இல்லை. காற்று ரைஃபிள் குழந்தைகளுக்கான தொடக்கப் படி மட்டுமே என்று கருதுவோருக்கு, 2010 டெல்லி காமன்வெல்த் போட்டியில் அதே பிரிவில் தங்கம் வென்று, 2012 லண்டன் ஒலிம்பிக்கில் எட்டு மாதக் கர்ப்பிணியாகக் களமிறங்கிய நம் நாட்டு வீராங்கனை நூர் சூர்யானி தாய்பியை நினைவூட்ட விரும்புகிறேன்.

வாங்கும் முடிவை எப்படி எடுப்பது

மேலே சொன்ன வேறுபாடு நடைமுறையில் பயன்படும் இடம் இது. இப்போதுள்ள நிலை தட்டுப்பாடா, விலையேற்றமா என்று முதலில் கேட்க வேண்டும். எல்லா அளவுத் தோட்டாக்களும் ஒரே வாரத்தில் மறைந்து, விலை வாரந்தோறும் தாவினால் அது தட்டுப்பாடு. அப்போது உச்ச விலைக்கு வாங்கி அடுக்குவது பிழை. கையிருப்பைச் சிக்கனமாகச் செலவழித்துக் காத்திருப்பதே நல்லது. தோட்டா கிடைக்கிறது, ஆனால் ஒவ்வொரு சரக்கிலும் விலை சிறிதுசிறிதாக ஏறிக்கொண்டே போகிறது என்றால் அது விலையேற்றம். அப்போது காத்திருப்பதில் பயனில்லை. உரிமம் இடம் தரும் அளவுக்குள், ஆண்டுத் தேவையை முன்கூட்டியே கணக்கிட்டு, பல சங்கங்கள் சேர்ந்து ஒரே கொள்முதலாக இறக்குமதியாளரிடம் சொல்லிவைப்பதே வழி. உறுதியான முன்பதிவு கையில் இருந்தால்தான் அவரால் ஆலையிடம் ஒரே லாட்டைக் கேட்டுப் பெற முடியும்.

நல்ல தோட்டா, குளிர்ந்த உலர்ந்த இடத்தில் இறுக மூடிய பெட்டியில் பல ஆண்டுகள் கெடாது. நம் ஊரின் ஈரக்காற்றுதான் பகை. பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் பைகளை வைத்து, அவற்றை முறையாக மாற்ற வேண்டும். பழைய சரக்கை முதலில் எடுத்துப் புதியதைப் பின்னால் வைக்கும் வழக்கமும் வேண்டும்.

பயிற்சியில் தோட்டாவைக் குறைப்பது தரத்தைக் குறைப்பதாகாது. தோட்டா இல்லாமல் குறிபார்த்து விசையை இழுத்துப் பழகுவது உலகத் தரத்தினர் அன்றாடம் செய்யும் பயிற்சி; .22 துப்பாக்கியில் அதற்கென உள்ள அமைப்பையோ போலித் தோட்டாவையோ பயன்படுத்தினால் குழலுக்குச் சேதம் வராது. ஸ்காட் போன்ற மின்னணுக் கருவி குழலின் அசைவைத் திரையில் காட்டுவதால், சுடாமலேயே பிழை தெரியும். ஒரு சங்கம் அத்தகைய கருவி ஒன்றைப் பொதுவில் வாங்கி வைப்பது, பல பெட்டித் தோட்டா வாங்குவதைவிடப் பயனுள்ள செலவு என்பது என் கருத்து.

பங்கீட்டில் ஒன்றை மட்டும் வலியுறுத்த விரும்புகிறேன். சரக்கு குறைவாக வரும்போது, பணமும் தொடர்பும் உள்ள மூத்தவர்கள் முதலில் எடுத்துக்கொள்வதும், இளையோருக்கு மிஞ்சியது போவதும் பல இடங்களில் இயல்பாகவே நடந்துவிடுகிறது. மூத்தவருக்கு ஆறு மாத இடைவெளி ஒரு தொல்லை; பதினாறு வயதுப் பிள்ளைக்கு அது தேர்வுப் போட்டி ஒன்றை இழப்பதாகவும், பலருக்கு விளையாட்டையே விடுவதாகவும் முடிகிறது. ஆகவே, சரக்கு வந்து பதிவேட்டில் ஏறிய அன்றே இளையோருக்கான ஆண்டுத் தேவையைத் தனியே ஒதுக்கி, ஒவ்வொருவரின் துப்பாக்கிக்கும் பொருந்தும் லாட் எண்ணை எழுதி வைத்துவிட்டு, மீதியையே மற்ற உறுப்பினர்கள் பங்கிட்டுக்கொள்ள வேண்டும்.